ஒளியைப் பார்க்காமலே ஒளிப்படக்காரர் ஆவது எப்படி?

முதலில் கேமராவை வாங்கிவிடுங்கள். படம் எடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு வாங்கலாமே என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் தொழில் எதிரி. வாங்குவதற்கு முன் யூடியூபில் விமர்சன வீடியோக்களைப் பார்ப்பது முறை. அவற்றைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த மாடல் வந்துவிடும். அதற்கும் வீடியோ இருக்கும். கடைக்காரர் எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்று கேட்டால் கூச்சப்படாமல் 61 என்று சொல்லுங்கள். கோடாக்கில் வேலை பார்த்த ஸ்டீவன் சாசன் 1975-இல் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கியபோது அதில் இருந்தவை மொத்தம் பத்தாயிரம் புள்ளிகள், அதாவது 0.01 மெகாபிக்சல். படம் கறுப்பு வெள்ளை. ஒரு படம் கேசட்டில் பதிவாக 23 விநாடி ஆனது. பாவம், அவருக்கு வாட்ஸ்அப் கிடையாது. நீங்கள் 61 மெகாபிக்சலில் எடுக்கும் மாப்பிள்ளையை உறவினர்கள் ஸ்டேட்டஸில் ஒரு கட்டைவிரல் அகலத்தில் பார்த்துவிட்டு, அதே கட்டைவிரலால் தள்ளிவிடுவார்கள்.

கேமராவின் தலையில் ஒரு திருகு இருக்கும். அதை ‘ஆட்டோ’வில் நிறுத்தி, நகராமல் இருக்க செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். இதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஃபிலிம் விற்ற காலத்தில் டப்பாவோடு ஒரு குறிப்பு வரும். சூரியன், மேகம், மர நிழல் என்று சின்னச் சின்னப் படம் போட்டு, எதற்கு எந்த அளவு என்று அச்சடித்திருப்பார்கள். கணக்கு சுலபம். நல்ல வெயிலில் லென்ஸ் துளை எஃப் 16. ஃபிலிமின் வேகம் 100 என்றால் ஷட்டர் 1/125. தரையில் விழும் நிழலின் ஓரம் மசங்கினால் எஃப் 11. நிழல் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் 8. மேகம் கட்டிக்கொண்டு நின்றால் 5.6, வெயில் படாத திறந்த நிழலில் 4. மீட்டர் வாங்க வசதியில்லாத ஸ்டூடியோக்காரர்கள் இதை வைத்தே குடும்பம் நடத்தினார்கள்.

இதிலுள்ள ஆபத்தைக் கவனியுங்கள். இந்தக் கணக்கைப் போட ஒருவர் தரையைப் பார்க்க வேண்டும். தரையைப் பார்த்தால் நிழல் கண்ணில் படும். நிழல் கண்ணில் பட்டவர், உச்சி வெயிலில் கல்யாணப் பெண்ணை மொட்டை மாடியில் நிறுத்தினால் கண் இரண்டும் குழியாகிவிடும் என்று கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் “சாயங்காலம் நாலரை மணிக்கு எடுத்துக்கலாம்மா” என்பார். மண்டபத்தில் யாரும் அவருக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அதனால் திருகை ஆட்டோவில் விட்டு, முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடித்துவிட்டு, பந்திக்குப் போங்கள்.

ஆட்டோவை நம்புங்கள் என்றேன். அதற்குள் இருக்கும் மீட்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதைக் காட்டினாலும் அது சராசரியில் ஒரு நடுத்தரச் சாம்பல், விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல், என்றுதான் மீட்டர் எடுத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பத்து மாமாக்களை வரிசையாக நிறுத்தினால், வெளிச்சம் கூடிவிட்டது என்று பதறிக் குறைத்துவிடும். வேட்டி அழுக்காகும், மாமாக்களின் முகம் அதற்கும் கீழே போகும். இப்போதைய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்துச் சமாளிக்கப் பார்க்கின்றன; ஆனாலும் பத்து வேட்டி பத்து வேட்டிதான். பழைய ஆள் இது தெரிந்து ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறந்து வைப்பார். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். “அப்புறம் பாத்துக்கலாம்” என்று மட்டும் சொல்லுங்கள்.

இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. தொழிலின் மூலமந்திரம் இதுதான். வெளிச்சம் தப்பா? அப்புறம் பாத்துக்கலாம். பின்னால் குப்பைத்தொட்டி தெரிகிறதா? அப்புறம் பாத்துக்கலாம். மேடையின் எல்இடி விளக்கில் பெண்ணின் முகம் கத்தரிப்பூ நிறமாகிவிட்டதா? அதுவும் அப்புறம்தான். ரா ஃபைலாக எடுத்திருந்தால் ஒன்றிரண்டு ஸ்டாப் தவறை வீட்டில் உட்கார்ந்து மீட்டுவிடலாம் என்பது உண்மை. வெளுத்தே போன இடத்தை எந்த மென்பொருளும் மீட்காது என்பதும் உண்மை. பட்டுப்புடவையின் ஜரிகை பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கும். புடவை வாங்கிய தொகையை நினைத்துப் பெண்ணின் அம்மா அதைத்தான் முதலில் தேடுவார்.

தாலி கட்டும் நேரத்துக்கு வருவோம். காசு இங்கேதான் இருக்கிறது.

ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். யாஷிகா மாதிரிப் பெட்டிக் கேமராவில் 120 ரோல் போட்டால் 12-தான். ஃபிளாஷ் கன் ஒரு தடவை வெட்டிவிட்டால் மறுபடி சார்ஜ் ஏறச் சில விநாடி பிடிக்கும். உள்ளே மெல்லிய விசில் சத்தம் மேலே மேலே ஏறி, ரெடி விளக்கு எரிந்த பிறகுதான் அடுத்த வெட்டு. பேட்டரி சோர்ந்திருந்தால் அது இன்னும் நீளும். ஐயர் விரலைத் தூக்கிக் “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று சொல்வதற்கு முந்தின நொடியில் ஃபிளாஷை வேறு எதற்காவது செலவழித்தவர் கதை முடிந்தது. தாலி இருட்டில் ஏறிவிடும். ஆகவே அந்த மனிதர் ஐயரின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அட்சதைத் தட்டு எந்த வரிசை வரை போயிருக்கிறது, தவில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாரா, நாத்தனார் எந்தப் பக்கம் வந்து நிற்பார் என்று கவனம் ஓடும். ரோலில் மூன்றோ நான்கோதான் மிச்சம் என்றால், கெட்டிமேளத்துக்கு முன்பே ஒரு தூணுக்குப் பின்னால் போய் ரோலை மாற்றிவிட்டு வந்திருப்பார்.

சித்தப்பாக்களைச் சமாளிக்கவும் ஒரு வித்தை இருந்தது. “தம்பி, எங்களையும் ஒண்ணு எடுப்பா” என்று தோள்மேல் துண்டைச் சரிசெய்து நிற்பவர்களுக்கு, ஷட்டரைத் தொடாமல் வெறும் ஃபிளாஷை மட்டும் அடிப்பது. அவர்களுக்குத் திருப்தி, ஃபிலிமுக்குச் சேதமில்லை. பழைய கைவினையின் நேர்மையைப் பற்றி யாராவது உங்களிடம் கண்கலங்கினால், இந்த வெற்று ஃபிளாஷை அவருக்கு நினைவூட்டுங்கள்.

உங்களுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. இன்றைய கேமரா விநாடிக்கு 20, 30 படம் எடுக்கும். 2023-இல் அறிமுகமான ஒரு சோனி 120 எடுக்கிறது. கெட்டிமேளம் தொடங்கியதும் பொத்தானை அழுத்தி, அட்சதை ஓயும் வரை விரலை எடுக்காதீர்கள். மூன்று முடிச்சுக்கு முந்நூறு படம் தேறும். அதில் நல்லது ஒன்று எங்கோ இருக்கும். அதைத் தேடிப் பிடிக்க வேண்டிய ராத்திரி வேறொருவனுடையது. அவனுக்கு எடிட்டர் என்று பெயர், சம்பளம் குறைவு. இந்த முறை எல்லா இடத்திலும் எடுபடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெங்களூரிலிருந்து ஜி.ஜி. வெல்லிங் 1946-இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைப் படமெடுத்தார். இன்றும் வீடுகளில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது பெரும்பாலும் அந்த முகத்தைத்தான். விநாடிக்கு 120 வீதம் எடுத்திருந்தால் ரமணர் 120 தடவையும் அதே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்.

எடுத்த ஒவ்வொரு படத்தையும் உடனே பின்பக்கத் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் குனிந்து பார்க்கும் நேரத்தில்தான் பெண்ணின் அப்பா மேடையின் ஓரத்தில் போய் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார்.

அடுத்தது நிலா. கல்யாணத்துக்கும் நிலாவுக்கும் என்ன சம்பந்தம் என்றால், ‘பிரீ-வெட்டிங்’ ஷூட்டில் ஜோடிக்குப் பின்னால் ஒன்று வைக்க வேண்டியிருக்கும்.

1941-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியாக ஆன்சல் ஆடம்ஸ் காரில் போய்க்கொண்டிருந்தார். கீழ்வானில் நிலா, மேற்கே இறங்கும் வெயில், அந்த வெயிலில் கல்லறைச் சிலுவைகள் வெள்ளையாக மின்னுகின்றன. வண்டியை ஓரங்கட்டி, 8-க்கு 10 அங்குல நெகட்டிவ் போடும் பெரிய கேமராவை முக்காலியில் ஏற்றிவிட்டார். மீட்டரைக் காணோம். சாமான்களுக்குள் எங்கோ கிடக்கிறது. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது மனிதருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்குப் போட்டு ஒரே ஒரு தடவை எடுத்தார். இன்னொன்று எடுத்து வைக்கலாம் என்று ஃபிலிம் பலகையைத் திருப்புவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது.

எவ்வளவு சிரமம் பாருங்கள். உங்களிடம் செல்பேசி இருக்கிறது. ஒருவர் 2023-இல் நிலாவின் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, எட்ட நின்று செல்பேசியில் எடுத்துப் பார்த்தார். திரையிலிருந்த நிலாவில் இல்லாத பள்ளமும் மேடும் செல்பேசியின் நிலாவில் இருந்தன. அந்தப் போனுக்கு நிலா எப்படி இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் காட்டுவது வெறும் ஞாபகமூட்டல். ஆக, நிலாவின் ஒளிர்வை மனப்பாடம் செய்யும் பொறுப்பைப் போன் ஏற்றுக்கொண்டுவிட்டது. சரியாகச் சொன்னால் நிலா வர வேண்டிய அவசியம்கூட இல்லை.

இந்த இடத்தில் ஃபிலிம் பக்தர் ஒருவர் குறுக்கே வருவார். “அந்தக் காலத்துல எல்லாம் எடுத்தது எடுத்தபடி, சார்” என்பார். அவரைச் சேர்த்தே இந்தக் கையேடு எழுதப்பட்டிருக்கிறது. ஆடம்ஸ் அதே நெகட்டிவை வைத்துக்கொண்டு பல்லாண்டுகள் இருட்டறையில் மல்லுக்கட்டினார். முன்பகுதி போதவில்லை என்று 1948-இல் ரசாயனத்தால் நெகட்டிவின் அந்தப் பகுதிக்கு அடர்த்தி ஏற்றினார். ஆரம்பகாலப் பிரதிகளில் வானம் சற்று வெளிறியிருக்கும்; பிற்காலத்தவற்றில் கன்னங்கரேல். நம் ஊரிலும் உதாரணம் உண்டு. கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைச் சுற்றிச் சுற்றி எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு விரித்தார். மலைக்கத்தக்க வேலை. அக்காலத்து நெகட்டிவ் நீல நிறத்துக்கு அளவுமீறி மயங்கும். வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். ட்ரைப் என்ன செய்தார்? நெகட்டிவில் கையாலேயே மேகம் வரைந்தார். இன்று ஒரே சொடுக்கில் வானத்தை மாற்றும் பையனுக்கு அவர் முப்பாட்டன். வித்தியாசம், ட்ரைப்புக்கு எந்த வானம் அங்கே இருந்தது என்று தெரியும்.

அந்தப் பக்தருக்கான செய்முறை சுருக்கமானது. பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளவும். உதகையில் 1960-இல் தொடங்கி, இந்து என்ற பெயரில் ஃபிலிம் விற்ற இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மூடப்பட்டதற்காக, அந்த ஃபிலிமைத் தொட்டே பார்க்காமல், பெருமூச்சு விடவும். ரோலைக் கழுவக் கொடுத்து, வந்த நெகட்டிவை டிஜிட்டல் கேமராவால் எடுத்து, இன்ஸ்டாகிராமில் போடவும். அவ்வளவு செலவுக்கு மனமில்லாதவர்களுக்குச் செயலிகள் இருக்கின்றன. டிஜிட்டல் படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சக் கசிவு போட்டுத் தரும். ஸ்டூடியோக்காரர் கேமராவின் பின்மூடி இடுக்கில் கறுப்பு டேப் ஒட்டி ஒட்டி மானத்தைக் காத்துக்கொண்ட அதே கசிவு. இப்போது அதற்குச் சந்தா.

நிறம் பற்றியும் ஒரு குறிப்பு. 1950-களிலிருந்து கலர் பிரிண்ட் போடும் லேப்களுக்குக் கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. நம் கறுப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை. ஸ்டூடியோக்காரர் அதற்கு மாற்றாகக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சீப்பும் பவுடர் டப்பாவும் வைத்தார், நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்தார். நீங்கள் ‘பியூட்டி மோடு’ வைத்திருக்கிறீர்கள். சாதனை தொடர்கிறது. மாநிறப் பெண்ணை அவளுடைய அம்மாவே அடையாளம் காணாத அளவுக்கு வெளுக்க வைப்பதில் இரண்டு தலைமுறைக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது: பவுடரைப் பூசிக்கொள்ளலாமா என்று அன்று அவளே கண்ணாடி பார்த்து முடிவு செய்தாள்.

பிரீசெட் வாங்க மறக்காதீர்கள். அரக்குப் பட்டு செங்கல் நிறமாகும், வாழையிலை பாசி நிறமாகும், மதுரையில் நடந்த கல்யாணம் எங்கோ ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் நடந்ததுபோல இருக்கும். கேட்டால் “சினிமாட்டிக் டோன்” என்று சொல்லவும்.

கடைசியாக ஆல்பம். ஸ்டூடியோவில் ரசீது எண்ணைக் காட்டினால், பல வருஷம் கழித்தும் அந்த எண் எழுதிய கவரிலிருந்து நெகட்டிவை எடுத்து மறுபிரதி போட்டுக் கொடுத்தவர்கள் உண்டு. அந்தப் பிரதிகளில் ஹைப்போவைச் சரியாகக் கழுவாமல் விட்டு மஞ்சள் பூத்துப்போனவையும் உண்டு. உங்களிடம் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். இரண்டாவது வாங்குவது முதலாவதை அவமதிப்பது.

பெண் வீட்டார் போன் செய்வார்கள். “தம்பி, ஆல்பம் என்னாச்சுப்பா?” என்பார் பெண்ணின் அப்பா. “எடிட்டிங்ல இருக்குங்கய்யா” என்று சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து “டிசைனிங்ல இருக்குங்கய்யா.” அதற்குப் பிறகு “பிரிண்டிங்குக்குப் போயிருக்கு.” இந்த மூன்று பதில்களையும் வரிசை மாற்றிச் சொன்னால், முதல் குழந்தைக்குக் காது குத்தும் வரை தாக்குப்பிடிக்கலாம். காது குத்துக்கும் உங்களையே கூப்பிட்டால் அட்வான்ஸை ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள்.