காரைக்காலில் குவாண்டம் கணினி இறக்குவோர் கவனத்துக்கு

காரைக்காலுக்கு ஒரு குவாண்டம் கணினி வேண்டும் என்று ஆசை வந்துவிட்டதா? தப்பில்லை. 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியாயிற்று. திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது. இனி பாதுகாப்பு ஏற்பாடுதான் பாக்கி.

முதலில் மதில் எழுப்பிக் கண்ணாடிச் சில்லு பதியுங்கள். வாசலில் ஓய்வுபெற்ற ராணுவத்தார் ஒருவரை உட்கார்த்தி, வருகிறவர் பெயர், ஊர், செல் நம்பர் எல்லாம் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கணினியின் குளிர்பெட்டியைப் பழுதுபார்க்க ஐரோப்பாவிலிருந்து வரும் சர்வீஸ் ஆளை மட்டும் எழுதச் சொல்லவேண்டாம். அவர் கோபித்துக்கொண்டு போனால் அந்தப் பெட்டியைத் திறக்க ஊரில் ஆள் கிடையாது. அவர் பாட்டுக்குத் தன் லேப்டாப்பைச் செருகட்டும். நீங்கள் போய் இளநீர் வெட்டச் சொல்லுங்கள்.

அந்தப் பெட்டிக்குள் சிப் மைனஸ் 273 டிகிரியை ஒட்டிய குளிரில் உட்கார்ந்திருக்கவேண்டும். அதற்கு ஹீலியம் வேண்டும். பக்கத்துக் குத்தாலத்தில் (குற்றாலம் அல்ல, துண்டோடு கிளம்பிவிடாதீர்கள்) ஓ.என்.ஜி.சி. எடுக்கும் எரிவாயுவில் 0.06 சதவீதம் ஹீலியம் உண்டு. அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் அங்கேயே ஒரு சிறு சோதனை ஆலை போட்டு, அதை 99 சதவீதத்துக்கு மேல் சுத்தப்படுத்தியும் காட்டினார்கள். ஆனால் உங்களுக்கு ஹீலியம்-3 என்ற அபூர்வ வகையும் வேண்டுமே! அது ட்ரிடியம் சிதைந்து உண்டாவது. ட்ரிடியத்தில் பாதி சிதையவே 12 வருஷத்துக்கு மேலாகும். அமெரிக்காவில் அது அணுகுண்டுப் பராமரிப்பில் கிடைக்கும் உபரி. ஆக, உங்கள் கணினி ஓட யாரோ ஒரு வல்லரசு குண்டு வைத்திருக்கவேண்டும், உங்களோடு சுமுகமாகவும் இருக்கவேண்டும். 2001க்குப் பிறகு அணுப்பொருள் கடத்தலைப் பிடிக்கத் துறைமுகங்களிலும் எல்லைகளிலும் அமெரிக்கா வைத்த கருவிகளே இந்த வாயுவைக் குடித்துத் தீர்த்தன. சில வருஷத்தில் ஆய்வுக்கூடங்கள் அல்லாடின. செக்போஸ்ட் போட்டதால் வந்த தட்டுப்பாடு! காரைக்கால்காரனுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

உதிரிபாகங்களை எல்லையிலுள்ள வாஞ்சூர் செக்போஸ்ட் வழியாகவே கொண்டுவாருங்கள். அங்கே சோதனையெல்லாம் காரைக்காலை விட்டு வெளியே போகிற வண்டிக்குத்தான். டிக்கியைத் திறப்பார்கள், சீட்டுக்கடியில் கைவிடுவார்கள், ஒரு குவார்ட்டர் பாட்டில் தப்பாது. உள்ளே வருகிற பெட்டியில் எந்த நாட்டுக்காரன் எந்தச் சில்லைச் செருகி அனுப்பினான் என்று யாரும் சீந்தமாட்டார்கள். தேடுகிறவருக்குத் தெரிந்தது பாட்டில், அதைத்தான் தேடுவார்.

மென்பொருளை இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் யார் என்று விசாரிப்பது பண்பாடல்ல.

அப்படியும் ஏதாவது உள்ளே புகுந்துவிட்டால்? கூடங்குளம் வழிகாட்டியிருக்கிறது. 2019 அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையம், இணையத் தாக்குதல் என்பதெல்லாம் பொய் என்றது. மறுநாளே அணுமின் கழகம், நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மை என்றது; செப்டம்பர் 4ஆம் தேதியே தகவல் வந்துவிட்டதாம். உலைப் பக்கம் எதுவும் போகவில்லை என்றும் சொன்னார்கள். எனவே மறுப்பு ஒன்று, ஒப்புதல் ஒன்று, இரண்டையும் இப்போதே டைப் அடித்து, தேதிக்கு இடம் விட்டு ஃபைலில் போட்டுவையுங்கள். ரப்பர் ஸ்டாம்ப் பாரதியார் வீதியிலேயே செய்துதருவார்கள். அதற்கு இறக்குமதி லைசென்ஸ் வேண்டாம்.