அடியில் யார் அடுப்பு மூட்டியது?

கே: லாபிஸில் வெந்நீர் ஊற்று இருக்கிறதே, அடியில் எரிமலை ஏதும் தூங்குகிறதா மாமா?
– தோட்டத்துப் பேத்தி, லாபிஸ்

ப: தூங்கவில்லை, எப்போதோ செத்துவிட்டது. சிகாமட் பசால்ட் பாறை சுமார் 6 கோடி ஆண்டுக்கு முன் எரிமலை கக்கியது. அந்தச் சூட்டில் இன்று காடை முட்டைகூட வேகாது.

கே: அப்படியானால் தண்ணீரைச் சுடவைப்பது யார்?
– பேத்தியின் தாத்தா, அதே ஊர்

ப: பூமாதேவி. ஒரு கிலோமீட்டர் ஆழம் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி சூடு ஏறும். மழைத்தண்ணீர் பாறைப் பிளவுக்குள் இறங்கி, ஆழத்தில் காய்ந்து, வேறொரு பிளவு வழியே வெளியே வருகிறது. தீபகற்ப மலேசியாவின் ஊற்றுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். கேஸ் வேண்டாம், மாத பில்லும் வராது.

கே: ஐஸ்லாந்தில் பீய்ச்சி அடிக்கிறதே, நம் ஊற்று ஏன் சும்மா கிடக்கிறது?
– அவசரக்காரர், மூவார்

ப: பீய்ச்ச மூன்று வேண்டும்: கடும் சூடு, வற்றாத தண்ணீர், நடுவே குறுகலான பாறை இடுக்கு. போக வழியில்லாமல் அடக்கி வைத்தால்தான் வெடிக்கும். சந்தேகம் இருந்தால் வீட்டு மருமகளைக் கேளுங்கள்.

கே: உலகத்திலேயே உயரமாகப் பீய்ச்சியது எது?
– கோபுரப் பிரியர், குளுவாங்

ப: நியூசிலாந்தின் வைமாங்கு. 1900இல் கிளம்பி 460 மீட்டர் வரை எகிறியது. நம் பெட்ரோனாஸ் கோபுரமே 452தான்! 1904இல் நிலத்தடி நீர்மட்டம் மாறியது, ஆட்டம் குளோஸ். அவ்வளவு உயரம் போயும் ஒரு தவணையைக்கூட முழுசாக முடிக்கவில்லை.

கே: சோப்புப் போட்டால் ஊற்று பொங்குமாமே, புருடாதானே?
– துவைத்துக் களைத்தவள், பத்து பகாட்

ப: நிஜம். நியூசிலாந்தின் லேடி நாக்ஸ் ஊற்றில் தினமும் காலை 10.15க்குச் சோப்புப் போடுகிறார்கள். தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைந்து பொங்கி எழுகிறது. துணி துவைக்கப் போன கைதிகள் கண்டுபிடித்த வித்தை. லாபிஸில் போட்டால் துணி மட்டும் வெளுக்கும்.

கே: சிங்கப்பூர்க்காரர்கள் செம்பவாங் ஊற்றில் முட்டை அவிக்கிறார்களாம். அவர்களுக்கு மட்டும் 70 டிகிரியா?
– பொறாமைக்காரர், ஜொகூர் பாரு

ப: அவிக்கட்டுமே. 1962 தண்ணீர் ஒப்பந்தப்படி ஆயிரம் கேலன் 3 காசுக்கு நாம் கொடுப்பது பச்சைத்தண்ணீர். அந்த விலைக்குச் சுடவைத்தும் தரச் சொல்வார்கள் போலிருக்கிறதே!

கே: இராவணன் வெந்நீர்க் கிணறு தோண்டினானாமே, எங்கே?
– இலங்கை மருமகன், சிகாமட்

ப: திருகோணமலைக்குப் பக்கத்தில், கன்னியாவில். தாயின் ஈமக்கடனுக்காக அவன் உண்டாக்கியது என்பது ஐதீகம். அங்கேயும் எரிமலை இல்லை. மொத்தம் ஏழு கிணறு. தலைக்கு ஒன்று என்றால் மூன்று தலை வரிசையில் நின்றிருக்கும்.

கே: 2025 ஆகஸ்ட் 24 காலையில் சிகாமட் குலுங்கியதே, ஊற்று இடம் மாறிவிடுமா?
– கட்டிலோடு ஆடியவர், சிகாமட்

ப: பிளவு அசைந்தால் தண்ணீர் பாதை மாற்றும், அது உண்மை. 1959இல் 7 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கம் வந்து அமெரிக்க யெல்லோஸ்டோன் ஊற்றுகளின் நேரத்தையே மாற்றியது. நமக்கு வந்தது 4.1. மாறியது நீங்கள் எழுந்திருக்கும் நேரம்.

கே: ஊற்றில் குளித்தால் சகல நோயும் தீருமா?
– கைமருந்துக்காரி, தங்காக்

ப: அழுக்குத் தீரும், அசதி தணியும். மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. அதை மூலிகை வாசம் என்று விற்பவரிடம் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: எரிமலை இல்லாத ஊரில் பிறந்துவிட்டோமே, நஷ்டம்தானே?
– ஏக்கப்பெருமூச்சு, மெர்சிங்

ப: 2024 ஜூலையில் யெல்லோஸ்டோனின் பிஸ்கட் பேசினில் தரை வெடித்துக் கல்லும் சேறும் பறந்தன, வேடிக்கை பார்த்தவர்கள் தலைதெறிக்க ஓடினார்கள். நம் ஊற்றில் காலை நனைத்து உட்கார்ந்தால் ஒரே ஆபத்து, பக்கத்தில் இருப்பவர் மெல்லத் திரும்பி எம்.எல்.எம். பேச ஆரம்பிப்பது. ஓடக்கூட முடியாது, செருப்பு அவர் பக்கம் இருக்கும்.