திண்ணை நனையாத மர்மம்: காரைக்கால் மார்கழிப் பனி குறித்த ஓர் ஆய்வு

1. எல்லை: வடக்கே நண்டலாற்றுச் சோதனைச் சாவடி முதல் தெற்கே வாஞ்சூர்ச் சாவடி வரை. இவ்விரு சாவடிகளிலும் பாட்டில்களே சோதிக்கப்படுகின்றன. பனி சோதனையின்றிக் கடந்துபோகிறது. ஆகவே கிடைத்த பனி முழுவதும் காரைக்கால் பனிதான் என்று உறுதி கூற இயலவில்லை.

2. சிக்கல்: இங்கே மார்கழி விடியலிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பாரிஸ் புறநகரிலோ அந்த மாதத்தில் தண்ணீரே உறையும். ஆயினும் வாட்ஸ்அப் அழைப்பில் குல்லாவும் மப்ளரும் போர்வையுமாகத் தோன்றுபவர் நெடுங்காட்டு அப்பாயி. ஹீட்டர் போட்ட அறையில் அரைக்கைச் சட்டையோடு இருப்பவன் பேரன். "பனி தலையில எறங்குது, துண்டு கட்டிக்கடா" என்ற எச்சரிக்கையும் இங்கிருந்தே அங்கு போகிறது.

3. முன்னோர் கருத்து: தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. கள ஆய்வில் மச்சில் சில துளைகள் அகப்பட்டன. அவை ஐப்பசி மழையின் கைவரிசை என்று வீட்டுக்காரரே ஒப்புக்கொண்டார்.

4. இரு கட்சிகள்: பனி வானத்திலிருந்து பெய்கிறது என்பது அப்பாயி கட்சி. வாசலில் நின்ற பைக்கின் சீட் நனைந்திருக்கிறது, திண்ணையோரம் நின்றது நனையவில்லை, எனவே மேலிருந்துதான் விழுகிறது என்பது அதன் வாதம். எதிர்க்கட்சித் தலைவர் லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். திறந்தவெளியிலும் மறைவிலும் கம்பளிப் பஞ்சை வைத்து எடைபோட்டுப் பார்த்து, 1814இல் நூல் வெளியிட்டவர். மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் பொருள்கள் தம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்கின்றன; அவற்றைத் தொடும் காற்றின் ஈரம் அங்கேயே நீராகப் படிகிறது. கூரை வானத்தை மறைத்தால் வெப்பம் அவ்வளவாக வெளியேறுவதில்லை. அதனால்தான் திண்ணை தப்புகிறது. பைக் சீட் கிடைக்காததால் வெல்ஸ் பஞ்சைப் பயன்படுத்தினார் என்று கருத இடமுண்டு.

5. சமரசம்: தலையும் ஒரு பொருளே, அதுவும் வானத்துக்கு வெப்பத்தை விடும். துண்டு அதைத் தடுக்கும் கூரை. ஆகவே காரணத்தில் வெல்ஸ் வென்றார், துண்டில் அப்பாயி வென்றார்.

6. பொருளாதார விளைவுகள்: சம்பா அறுவடைக்கு வந்த மிஷின் வரப்பில் நிற்க, "பனி காயட்டும்" என்று ஊரே டீக்கடையில் காத்திருக்கிறது. கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. பனியை அதிலிருந்து கழிக்க விதியில் இடமில்லை. அதே வயலில், அறுப்புக்கு முன்பே ஈரச் சேற்றில் விதைத்த உளுந்து, மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் இந்தப் பனியையும் நம்பியே வளர்கிறது. நெல்லுக்கு வில்லன், உளுந்துக்குப் படியளப்பவன் என்று ஒரே இரவில் இரு வேடம் கட்டுவது பனி ஒன்றே.

7. தீர்ப்பு: குளிரை அளக்கும் கருவி வெப்பமானி அன்று, அப்பாயியே. அவர் துண்டு கட்டிக்கொள்ளச் சொன்னால், இக்கட்டுரையைக் காட்டி வாதாடாமல் கட்டிக்கொள்க. அறிவியலும் அவர் பக்கமே.