டிரெட்மோர் நிலவறைக்கு ஓர் உரை

விளையாட்டு இருவகைப்படும்: தோற்றால் எரிச்சல் வருவது, தோற்றால் சிரிப்பு வருவது. முன்னதைப் பற்றிப் பேச ஆட்கள் ஏராளம். பின்னதற்கு இலக்கணம் செய்வார் இல்லாத குறையைப் போக்க இவ்வுரை எழுந்தது என்க. எடுத்துக்கொண்ட பொருள் ‘டஞ்சன்ஸ் ஆஃப் டிரெட்மோர்’ என்னும் கணினி விளையாட்டு. ஆக்கியோன் கேஸ்லாம்ப் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம். காலமும் களமும் கேட்பவர்களுக்கு: 2011 ஜூலை, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. வெளியானபோது விலை ஐந்து டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. கதை ஒரு வரி: டிரெட்மோர் பிரபு என்னும் பழைய தீயவன் மறுபடி எழுந்துவிட்டான், அடர்ந்த புருவத்தைத் தவிர சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத ஒரு நாயகன் பத்து அடுக்கு நிலவறையில் இறங்கி அவனைக் கொல்ல வேண்டும். நாயகன் ஓர் அடி வைத்தால் அரக்கரும் ஓர் அடி வைப்பர். அவன் நின்று யோசித்தால் உலகமே நின்று காத்திருக்கும். கேட்போர் யார், பயன் என்ன என்பவை போகப் போக விளங்கும்.

முதலில் வழி. நூல்கள் முதல், வழி, சார்பு என மூன்று என்பார் நன்னூல் செய்த பவணந்தியார். இவ்வகை நிலவறை விளையாட்டுக் குலத்தின் முதல்நூல் ‘ரோக்’. 1980 வாக்கில் கலிபோர்னியாவில் மாணவர்களாக இருந்த மைக்கேல் டாய், கிளென் விச்மன் இருவரும் செய்தது. பிறகு கென் ஆர்னால்டும் சேர்ந்துகொண்டார். படம் கிடையாது. நாயகன் என்பது மின்னஞ்சல் முகவரியில் வருகிற அட் குறி; அரக்கர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். ஒவ்வோர் ஆட்டத்திலும் நிலவறை புதிதாகப் பிறக்கும், செத்தவன் செத்தவனே. வழிநூல் 1987இல் வந்த ‘நெட்ஹாக்’. கழுத்தில் கேமராவும் உடம்பில் ஹவாய்ச் சட்டையுமாகச் சுற்றுலாப் பயணி ஒருவன் நிலவறைக்குள் இறங்கலாம் என்று அனுமதித்த பெருந்தகை அது. நகை இந்தக் குலத்துக்குள் நுழைந்து குடியேறியது அந்த வாசல் வழியாகத்தான். டிரெட்மோர் சார்புநூல்: எழுத்துகளுக்குப் பதில் படம், இருபது விசைகளுக்குப் பதில் மவுஸ், பயமுறுத்தலுக்குப் பதில் கிண்டல்.

2008இல் இக்குலத்தார் பெர்லினில் மாநாடு கூட்டி, ரோக்லைக், அதாவது ரோக் போன்றது, என்றால் என்னென்ன இலக்கணம் வேண்டும் என்று பட்டியலே போட்டார்கள். நிலவறை ஆட்டந்தோறும் மாற வேண்டும், சாவு திரும்பாததாக இருக்க வேண்டும், கட்டம் கட்டமாக நகர வேண்டும், முறை வைத்து ஆட வேண்டும் என்று நீள்கிறது அது. எதையும் வகைப்படுத்தாமல் தூக்கம் வராதவர்கள் நம்மூர் உரையாசிரியர்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்கள் மாற்றிக்கொள்ளலாம். டிரெட்மோரில் நிரந்தரச் சாவை ஆடுவோன் தன் விருப்பம்போல் அணைத்துவைக்கலாம். அவ்வளவில் அது வழு. புதியவர்கள் ஓடிவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு என்பதால் வழுவமைதி.

இனி அழகு. நூலுக்குச் சொன்ன, சுருங்கச் சொல்லல் முதலான பத்து அழகில் இந்த விளையாட்டுக்கு எத்தனை தேறும் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சுருக்கம் என்பது இதன் ஆசிரியர்களுக்கு அறவே தெரியாது. ஆனால் பத்தில் சேராத பதினோராவது அழகு ஒன்று இதற்கு உண்டு. ஆட்டம் தொடங்குமுன், முப்பதுக்கு மேற்பட்ட ஸ்கில்களிலிருந்து ஏழைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். போர்வீரனுக்குரியவை, திருடனுக்குரியவை, மந்திரவாதிக்குரியவை என்று மூன்று பிரிவு இருந்தாலும், எதை எதோடு சேர்த்தாலும் தடுப்பார் இல்லை. வாள்பயிற்சி, களவு, கொல்லுவேலை என்று ஒழுங்காகத் தொடங்குகிற பட்டியல், காளான் கலைக்கும் கணித மந்திரத்துக்கும் போய்விடும். கணித மந்திரக்காரன் எதிரிமேல் ஏவும் சாபங்களில் ஒன்று தங்க விகிதம். காளான் கலைஞனுக்குக் கொன்ற இடத்திலெல்லாம் காளான் முளைக்கும். ரத்தக்காட்டேரியாகவும் தொல்லியல் அறிஞனாகவும் ஒரே ஆள் இருக்கலாம். விளையாட வந்து இரண்டு நிமிடத்துக்குள் ஆடுவோனே ஒரு கோமாளிப் பாத்திரத்தின் ஆசிரியன் ஆகிவிடுகிறான். மற்ற விளையாட்டுகள் நகைச்சுவையை நமக்குச் சொல்லும். இது நம்மைச் செய்யவைக்கும்.

இங்கேதான் இவ்வுரையின் மையப் பிரிவு வருகிறது. நிலவறை நகை மூவகைப்படும்: சொல்லால் பிறப்பது, பொருளால் பிறப்பது, விதியால் பிறப்பது.

சொல்லால் பிறப்பது: ஒவ்வொரு தொப்பிக்கும் கத்திக்கும் பாலாடைக் கட்டிக்கும் ஒரு நக்கல் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார்கள். அரக்கர்களின் தலைக்கு மேல் வசைமொழி மிதக்கிறது. எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் குலத்தில் ஆடுவோன் செத்துச் செத்து முதல் அடுக்கிலிருந்தே தொடங்குகிறான். ஐந்து அங்க நாடகத்துக்கு டிக்கெட் வாங்கி, முதல் அங்கத்தை மட்டும் ஐம்பது தடவை பார்க்கிற கதை இது. மூன்றாம் முறை அந்த நக்கலைக் கண் தாண்டிப்போகும். பத்தாம் முறை எழுத்தே தெரியாது. கூறியது கூறல் என்னும் குற்றம் இது. எழுதியவர் மேல் பழியில்லை, மேடை அப்படிப்பட்டது.

பொருளால் பிறப்பது சற்று நின்று பிடிக்கும். டிக்கிள் என்றொரு பிராணி: பறவை மாதிரி உடம்பு, துளைபோடும் கருவி மாதிரி மூக்கு, தோண்டுவதே தொழில். மந்திரத்தால் ஒரு மீசையை மட்டும் வரவழைத்து நமக்காகச் சண்டையிடச் செய்யலாம். சேதங்களில் ஒன்றின் பெயர் இருத்தலியல் சேதம். கத்தி குத்தினால் ரத்தம் வரும். இது குத்தினால் ‘நான் ஏன் இருக்கிறேன்’ என்ற கேள்வி வரும் போலும். எழுபதுகளின் சிறுபத்திரிகைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதில் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி இருக்கக்கூடும். அப்புறம் லூட்டஃபிஸ்க். ஸ்காண்டிநேவிய நாடுகளில் உலர்ந்த காட் மீனைக் காரக் கரைசலில் ஊறவைத்துக் கொழகொழவென்று ஆக்கிச் சாப்பிடுகிற உணவு அது. இந்த விளையாட்டில் அதற்கொரு தெய்வமும் கோயிலும் உண்டு, காணிக்கையாக அதே மீன். எந்தப் பொருளைப் போட்டாலும் அதை லூட்டஃபிஸ்காக மாற்றித் தரும் பெட்டியும் உண்டு. 2000இல் வந்த ‘டயாப்லோ 2’ இல் பொருள்களைச் சேர்த்து மேலான பொருள் செய்யும் மந்திரப் பெட்டிக்கு இது செய்த எதிர்வினை: எதைப் போட்டாலும் மீன்தான்.

விதியால் பிறப்பதே தலையாயது. அது யாரும் எழுதிவைத்த சிரிப்பு அன்று. இரண்டு விதிகள் மோதும் இடத்தில் தானாகத் தெறிப்பது. நெட்ஹாக்கில் இதற்கு ஓர் ஆதி உதாரணம் உண்டு. தொட்டால் கல்லாக்கும் காக்கட்ரைஸ் என்னும் பிராணியின் பிணத்தைக் கையுறை மாட்டிக்கொண்டு ஆயுதமாக ஏந்தலாம். எதிரிகளையெல்லாம் சிலையாக்கிக்கொண்டே போகலாம். போகிற வழியில் ஒரு குழியில் விழுந்தால், பிணத்தின்மேல் நீங்களே விழுந்து நீங்களே சிலையாவீர்கள். டிரெட்மோர் இந்தப் பள்ளியில் படித்த பிள்ளை. ரத்தக்காட்டேரி ஸ்கில்லை எடுத்தவனுக்கு உணவால் உடல் தேறாது, எதிரியின் ரத்தமே உணவு. அவன் கால் வைத்த இடமெல்லாம் பாலாடைக் கட்டி கிடக்கும். சாகக் கிடக்கிறவன் பை நிறைய பாலாடைக் கட்டியோடு நிற்பதை எந்த எழுத்தாளரும் எழுதவில்லை. தொல்லியல் அறிஞனின் கதையும் இப்படியே: அவன் கையில் அரிய பழம்பொருள் ஒன்று சிக்குகிறது, நல்ல வாள். அதை வைத்துக்கொண்டால் இந்த அடுக்கைத் தாண்டலாம். ‘இது அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியது’ என்ற ஸ்கில்லை அழுத்தினால் வாள் மறைந்து அனுபவப் புள்ளி ஏறும். அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இதை முடிவு செய்ய வேண்டும். அறிவா உயிரா என்று தத்துவவாதிகள் கேட்டதை இங்கே ஒரு பொத்தானாக்கி வைத்திருக்கிறார்கள்.

கதவைத் திறந்தால் சில சமயம் ‘மான்ஸ்டர் ஜூ’. ஓர் அறை முழுக்க, சுவரோடு சுவராக, நகர இடமில்லாமல் அரக்கர் கூட்டம். அறிந்தவன் உடனே பின்வாங்கி நடைபாதைக்குள் நிற்பான், ஒவ்வொருவராக வரட்டும் என்று. முதல் டிக்கிள் வருகிறது, அடிக்கிறான். இரண்டாவது வருகிறது. பாதி உயிர் போனதும் நிறுத்திவிட்டுப் பையைத் துழாவுகிறான். முறை வைத்து ஆடுகிற விளையாட்டு என்பதால் முப்பது அரக்கர்களும் தூக்கிய கையோடு காத்திருக்கிறார்கள். பையில் மூன்று வகைக் காளான், ஒரு மலிவுச் சாராயம் (மந்திர சக்தி ஏறுவது சாராயத்தால்தான்), ஒரு டஜன் உலோகக் கட்டிகள். எந்தக் காளான் எதற்கு என்று படித்துப் பார்க்கிறான். தேநீர் குடித்துவிட்டு வந்தும் படிக்கலாம். அவசரத்தின் உச்சியில் இவ்வளவு ஓய்வு வேறெங்கும் கிடைக்காது. அந்த ஓய்வில் அவன் எடுக்கிற முட்டாள்தனமான முடிவு முழுக்க முழுக்க அவனுடையதே.

இதனால் சாவும் இருவகைப்படும்: தன்வினை, பிறவினை. பிராக்ஸ் என்னும் கடைக்காரனின் கடையில் எடுத்த பொருளுக்குக் காசு கொடுக்காமல் வாசலைத் தாண்டினால் பேய்க் காவலர் துரத்துவார்கள். கடை முழுக்கப் பொருள், கையில் காசு இல்லை, மாயமாய் இடம்பெயரும் மந்திரம் ஒன்று கற்றிருக்கிறோம். விளைவது தன்வினைச் சாவு. சாவுக்குப் பிறகு வரும் திரை ‘வாழ்த்துகள், நீங்கள் இறந்துவிட்டீர்கள்’ என்று சொல்லும்போது சிரிப்பு வருவது இவ்வகையில் மட்டும். பிறவினைச் சாவும் உண்டு: கையில் ஒன்றுமில்லாத நேரத்தில் பகடை நம் தலையில் விழுவது. அதற்கு அதே வாழ்த்து வந்தால் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

இனிக் குற்றம். நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் பாதியை இந்த விளையாட்டு மனமுவந்து செய்கிறது. தலைமையானது மிகைபடக் கூறல். வாள் செய்ய, வில்லம்பு செய்ய, மருந்து காய்ச்ச என்று செய்தொழில்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி, தனி மூலப்பொருள். தாது, கட்டி, பொடி, கம்பி. இரண்டாம் அடுக்குக்குள் பை நிரம்பிவிடும். நன்மாணாக்கர், தீயமாணாக்கர் வகையில் நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துவைக்கும் நெய்யரி வகையினருக்கு இது சொர்க்கம். நாளை பயன்படும் என்று இரும்பையெல்லாம் சேர்த்து, இன்று குடிக்க வேண்டிய மருந்தைக் கீழே போடுவார்கள். 2012 ஆகஸ்டில் வந்த ‘விசார்ட்லேண்ட்ஸ்’ விரிவாக்கம் இதற்குக் கண்ட தீர்வு, ஆடுவோனுக்கென்று ஒரு தனிக் குட்டி உலகம். பொருளைக் குறைக்கச் சொன்னால் கிடங்கு கட்டிக் கொடுத்தார்கள்.

அடுத்தது மயங்க வைத்தல். உடல்வலிமை, மதிநுட்பம் தொடங்கிப் பிடிவாதம், போக்கிரித்தனம் வரை ஆறு அடிப்படைக் குணங்கள். அவற்றிலிருந்து கிளைக்கும் துணைக் குணங்கள் வேறு. சேத வகைகள் 15க்கு மேல். எல்லாம் சின்னஞ்சிறு படங்களாக இருக்கும். இரண்டு தலைக்கவசங்களில் எது மேல் என்று அறிய ஒவ்வொரு படத்தின் மேலும் மவுஸை நிறுத்திப் படிக்க வேண்டும். வேடிக்கைப் பெயர்கள் இங்கே காலை வாரிவிடுகின்றன. நெருப்பு, பனி என்று வெளிப்படையாக வைத்திருந்தால் தெரிந்திருக்கும். சிரிப்புக்காகப் பெயரைச் சுற்றி வளைத்தபின் யாருக்கு எது ஆகாது என்று நினைவில் நிற்பதில்லை.

பெரிய குற்றம் சென்று தேய்ந்து இறுதல். முதல் மூன்று நான்கு அடுக்குகளில் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி உயிருக்குச் சமம். அதன்பின் ஸ்கில்கள் ஏற ஏற நாயகன் பெருத்துவிடுகிறான், அடுக்குகளோ பரந்துகொண்டே போகின்றன. எஞ்சுவது நடை. ரோக்கில் பசி இருந்தது. உட்கார்ந்தால் பட்டினியால் சாவான் என்பதால் நாயகன் இறங்கிக்கொண்டே இருந்தான். டிரெட்மோரில் உணவு காயம் ஆற்றும், அவ்வளவே, பட்டினி இல்லை. ஆகவே ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மூலையில் நின்று காயம் ஆறும்வரை முறையைத் தள்ளிக்கொண்டிருப்பதே புத்திசாலித்தனம். அலைந்து வரும் ஒன்றிரண்டு அரக்கர்கள் அதைத் தடுக்கப் போதாது. அற்றேல், பொறுமைசாலிக்குப் பரிசு கிடைப்பது நல்லதுதானே எனின், அன்று. அவனுக்குக் கிடைக்கும் பரிசு சலிப்பு. இந்தத் தேய்மானத்துக்கு நடுவே 2011 டிசம்பரில் வந்த ‘டிக்கிள் கடவுளர்’ விரிவாக்கம் இன்னும் ஐந்து அடுக்குகளைத் தோண்டிச் சேர்த்தது. தேய்கிற நிலவுக்கு வால் ஒட்டியது போல என்று சொல்லலாம்தான். புதிய ஸ்கில்களுக்காக அந்த விரிவாக்கத்தை மன்னித்துவிடுகிறேன்.

மற்றக் குற்றங்கள் சிறியவை. விளையாட்டின் தரவுகள் எக்ஸ்எம்எல் கோப்புகளாகத் திறந்து கிடப்பதால், பிடிக்காததை ஆடுவோரே மாற்றி எழுதிக்கொண்டார்கள். அவர்கள் சேர்த்த ஸ்கில்களும் பொருள்களும் தனிக் காடு, அதற்குள் இவ்வுரை நுழையாது.

இறுதியாகக் கேட்போர். எளிது, நடு, கடினம் என மூன்று நிலைகள். நடுவில் தொடங்குவது முறை. நிரந்தரச் சாவு இருக்கட்டும், அதை அணைத்துவிட்டால் தன்வினைச் சாவு சேமித்த இடத்துக்குத் திரும்பும் பொத்தானாகிவிடும், வாழ்த்து வீணாகும். ‘நோ டைம் டு கிரைண்ட்’ என்றொரு தெரிவு உண்டு, அடுக்குகளைச் சிறிதாக்கி அனுபவப் புள்ளியைக் கூட்டும். தேய்மானத்துக்கு ஆசிரியர்களே எழுதிவைத்த மருந்து அது, யோசிக்காமல் போட்டுக்கொள்ளலாம். ஏழு ஸ்கில்களில் ஒன்று காளான் கலையாக இருக்கட்டும். லூட்டஃபிஸ்க் பெட்டி கிடைத்த அன்றே, நாளைக்கு ஆகும் என்று சேர்த்துவைத்த இரும்புக் கட்டிகளையெல்லாம் மீனாக்கிவிடுங்கள்.