வளைதிரை அன்பர்

எங்கள் நங்கநல்லூர்க் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வாசம் செய்யும் அன்பரை நீங்கள் சந்தித்திருக்க மாட்டீர்கள். ஆயினும், நாற்பது வயதை எட்டிப் பிடிக்கும் பருவத்தில், தலைமயிரில் பாதியையும் கண்பார்வையில் கால் பங்கையும் கம்பெனிக்குக் காணிக்கையாகச் செலுத்திவிட்டு, மிஞ்சியிருக்கும் ஆயுளை ஒரு பெரிய வளைந்த கேமிங் மானிட்டருக்கு எதிரில் கழிப்பதென்று சங்கற்பம் செய்துகொண்ட ஒருவர் உங்கள் உறவிலோ, அக்கம்பக்கத்திலோ, ஆபீஸிலோ நிச்சயம் இருப்பார். இல்லவே இல்லையென்று நீங்கள் சாதித்தால், அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம் என்று சந்தேகிக்க எனக்கு உரிமை உண்டு.

இவரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இவர் பெரிய விளையாட்டுக்காரர் அல்லர் என்பதுதான். இவர் ஆடுவது ஒரே ஓர் ஆட்டம். அது 1999-இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’. கல்லூரி விடுதியில், பின்புறம் குடம்போல் பருத்திருந்த பழைய மானிட்டரில் பழகிய அந்த ஆட்டத்தை, வீடு அடங்கிய பிறகு இரவு பதினொரு மணிக்கு மேல் அரைமணி நேரம் ஆடுவார். அதிலும் கால்மணி நேரம் திரையில் சிதறிக் கிடக்கும் ஆடுகளை ஊருக்குள் ஓட்டி வருவதில் கழிந்துவிடும். 2022-இல் அந்த ஆட்டத்தில் திராவிடர் சேனை என்று ஒன்று சேர்க்கப்பட்டு, சுருள்வாள் வீசும் வீரரும் திரிசடை என்னும் கப்பலும் வந்து சேர்ந்ததிலிருந்து அவருடைய ஈடுபாட்டில் கொஞ்சம் அபிமானமும் கலந்துவிட்டது என்பது வாஸ்தவமே. ஆனாலும் ஆடியது அரைமணி என்றால், எந்த மானிட்டரில் ஆடுவது என்று ஆராய்ந்தது மூன்று வருஷம். சிலர் யாத்திரை போவதைக் காட்டிலும் ரயில்வே கால அட்டவணை படிப்பதில் அதிக ஆனந்தம் அடைவார்களே, அந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர் நம் அன்பர்.

அவருடைய பாஷையில் பெயர்ச்சொற்கள் குறைவு, எல்லாம் எண்களே. 49 அங்குலம், 32:9, 1000 ஆர், 240 ஹெர்ட்ஸ் என்று அவர் கண்ணை லேசாக மூடிக்கொண்டு உச்சரிக்கும்போது, கேட்பவன் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிடுவான். ‘ஆர்’ என்றால் என்னவென்று அறியாமையால் ஒருநாள் மொட்டைமாடியில் கேட்டுவிட்டேன். உடனே துணி உலர்த்தும் கயிற்றில் ஒரு மீட்டர் அளந்து, ஒரு முனையை என் கையில் கொடுத்து, என்னையே வட்டத்தின் மையமாக நிறுத்தி, மறுமுனையில் சாக்குக்கட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் என்னை வலம்வரத் தொடங்கினார்.

“ஆயிரம் மில்லிமீட்டர் ஆரம், மாமா. இந்த வட்டத்துலேருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டுதான் மானிட்டர். 1800 ஆர்னா வட்டம் பெரிசு, வளைவு கம்மி. நமக்கு ஆயிரம்தான்.”

49 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய நான்கு அடி என்றும், 27 அங்குல மானிட்டர்கள் இரண்டைத் தோளோடு தோள் சேர்த்தால் வரும் அளவு அது என்றும், அப்படிப்பட்ட திரைகள் ஐந்தைச் சேர்த்து நிறுத்தினால் வாய் மூடக் கொஞ்சமே பாக்கியுள்ள ஓர் உறைகிணறு அமையும் என்றும், அந்தக் கிணற்றின் நடுவில் நிற்பவனுடைய கண்ணுக்கு ஓரமும் நடுவும் சமதூரத்தில் இருக்கும் என்றும் அவர் விளக்கினார். சாக்குக்கட்டிக் கோடு என் மனைவி உலர்த்தியிருந்த ஜவ்வரிசி வடாத்தின் குறுக்கே ஓடிப்போனதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை; கவனிக்க வேண்டியவள் கவனித்தாள்.

வளைந்த திரை ஒன்றும் நூதனமன்று. 1952-இல் நியூயார்க்கில், சினிராமா என்னும் பெயரில், மூன்று புரொஜெக்டர்களை ஏககாலத்தில் ஓட்டி, 146 பாகை வளைந்த திரையில் படம் காட்டி ஜனங்களை மலைக்க வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில், 1973-இல், தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக ‘ராஜராஜ சோழன்’ வந்தபோது, முதல் வரிசையின் இடது கோடியில் இடம் கிடைத்து, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி, சோழ சாம்ராஜ்யத்தின் விஸ்தீரணத்தைப் பிடரி வலியாக அனுபவித்தவன் நான். அகன்ற திரையின் முழுப்பலனும் நடு ஆசனத்துக்குத்தான். அந்த ஆசனமோ எப்போதும் கொட்டகை மானேஜருக்கு வேண்டியவர்களுக்குத்தான் வாய்க்கும். நடு ஆசனத்தைத் தவிர வேறு ஆசனமே இல்லாத ஒரு கொட்டகையைத் தன் படுக்கையறையிலேயே நிர்மாணித்துக்கொள்ள ஒருவன் ஆசைப்பட்டால், அதைப் பைத்தியம் என்று ஒதுக்கிவிட என் பிடரி சம்மதிக்கவில்லை.

பேனல் விஷயத்தில் மதபேதம் உண்டு என்பதையும் அவரிடமே கற்றேன். ஐபிஎஸ், விஏ, ஓஎல்ஈடி என்று மூன்று சம்பிரதாயங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆசாரியர்கள், தனித்தனி கண்டனங்கள். ஐபிஎஸ்ஸில் வர்ணங்கள் நேர்மையாக இருக்கும், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் முகம் மாறாது. ஆனால் விளக்கணைத்த அறையில் அதன் கறுப்பு, கறுப்பாயிராமல் விபூதி நிறம் காட்டும். விஏயின் கறுப்பு அமாவாசைக் கறுப்பு; ஆனால் அந்த இருட்டில் ஏதாவது ஓடினால், ஓடிய தடம் ஈரக்கை பட்ட மையெழுத்தைப்போல் இழுபடும். ஓஎல்ஈடியோ பூரணமான பரப்பிரம்மம்; கறுப்பு என்றால் அந்த இடத்தில் ஒளியே இல்லை. குறை என்னவென்றால், ஒரே சித்திரம் அதில் மாதக்கணக்காக நின்றால், அதை எடுத்த பிறகும் அதன் நிழல் போகாது. “பூர்வஜன்ம வாசனை மாதிரி” என்று நான் சொன்னதைக் கேட்டு, மூன்று வருஷ ஆராய்ச்சியில் முதல்முறையாக அவர் என்னை மரியாதையோடு பார்த்தார்.

ஆராய்ச்சிக் காலத்தில் மாதம் ஒருமுறை ரிச்சி தெருவுக்குப் போய் வருவது அவருக்கு ஒரு விரதம். துணைக்கு ஒருமுறை நானும் போனேன். அண்ணாசாலையின் இரைச்சலிலிருந்து திரும்பி நரசிங்கபுரம் தெருவுக்குள் நுழைந்தால், நம் தோளுக்கு மேலே வயர்ச் சுருள்களும், காலுக்குக் கீழே அட்டைப்பெட்டிகளும், காதருகே “என்ன சார் பாக்கறீங்க?” என்னும் விசாரணையுமாக, ஒருவர் வரும் சந்தில் மூவர் போய்க்கொண்டிருப்பார்கள். நம் அன்பர் ஒரு கடைக்குள் புகுந்து, அங்கிருந்த பையனுக்கு மானிட்டர் சாஸ்திரத்தில் ஒருமணி நேரம் பாடம் நடத்தினார். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி சார், ஆனா பீஸை ஓப்பன் பண்ணா எடுத்தே ஆகணும்” என்றான். இத்தகைய பந்தத்துக்கு அன்பர் தயாராயில்லை. வந்ததற்கு அடையாளமாக ஒரு சார்ஜர் வயரை வாங்கிக்கொண்டு திரும்பினோம்; அவர் வீட்டில் அப்படி முப்பத்திரண்டு வயர்கள் இருப்பதாக அவருடைய தாயார் பின்னால் சொன்னார்.

வீட்டில் ‘கேமிங்’ என்ற சொல்லை அவர் வாய் தவறியும் சொன்னதில்லை. ஆபீஸ் வேலைக்கு, கண்ணுக்கு நல்லது, முதுகு நிமிர்ந்து உட்காரலாம் என்றே காரணங்கள் அடுக்கினார். தகப்பனார் தணிக்கை உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காரணங்களை விட்டுவிட்டு மூலத்தைப் பிடித்தார்.

“ஏண்டா, பலகை வளைஞ்சுபோச்சுன்னா கடைக்காரனே பாதி விலைக்குத் தள்ளிவிடுவான். நீ என்னடான்னா வளைஞ்சதுக்கு மேல காசு குடுக்கறேங்கறே!”

இந்த ஆட்சேபத்துக்கு இன்றுவரை சமாதானம் கிடைக்கவில்லை. வரி விஷயத்தில் மாத்திரம் தந்தையும் மகனும் ஒன்றுபட்டார்கள். 2019 ஜனவரியிலிருந்து 32 அங்குலம் வரையிலான மானிட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேற்பட்டதற்கு 28 சதவீதம் என்றிருந்ததை, 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாவற்றுக்கும் 18 என்று ஆக்கினார்கள். தம் தயக்கத்தைத் தீர்க்கதரிசனம் என்று அன்பர் அன்றைக்கே பெயர் மாற்றிக்கொண்டார். “பத்து பர்சன்ட் மிச்சம்பா” என்றார். “நூத்திருபத்தெட்டுலே பத்து, அது ஏழு புள்ளி எட்டு” என்று தகப்பனார் திருத்தினார். திருத்திய வாயாலேயே வாங்கிக்கொள்ளவும் சொன்னார். கணக்கில் பிழை கண்டுபிடித்த சந்தோஷத்தில் தணிக்கைக்காரர்கள் எதற்கும் சம்மதிப்பார்கள் போலும். அந்தத் தேதி நவராத்திரியின் முதல் நாளாகவும் அமைந்தது.

நான்கு நாள் கழித்து, ஒரு மனிதர் படுத்து உறங்கக்கூடிய அட்டைப்பெட்டியை இருவர் சுமந்து வந்தனர். கூடத்தில் கொலு ஏழு படி ஏறி வீற்றிருந்தபடியால், தசாவதாரத்துக்கும் செட்டியார் பொம்மைக்கும் எதிரே பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தித் திருப்பி, உள்ளறைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பிளஸ் டூ பரீட்சைக்காக வாங்கிய மேஜையின்மேல் திரையை ஏற்றியபோது இரண்டு பக்கமும் அது வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மேஜையின் ஆழமோ இரண்டடி. ஆயிரம் ஆருக்கு உரிய ஒரு மீட்டர் தூரத்தில் அமர வேண்டுமானால் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பீரோவோடு ஒட்ட வேண்டும். ஒட்டினால் பீரோ திறக்காது. அன்றுமுதல், தகப்பனார் குளித்துவிட்டு வந்து வேஷ்டி எடுக்க வேண்டுமென்றால் கிணற்றின் நடுவிலிருந்து மகன் எழுந்திருக்க வேண்டும் என்று ஏற்பட்டது. தாயார் தம் சீரியலை அதில் ஒருநாள் பார்த்தார். சாதாரண அகலத்துப் படமாகையால், அது திரையின் சரிபாதியில் நின்று, இருபுறமும் கறுப்பாக இருந்தது. “நடுவுலே மட்டும்தானே தெரியுது, மீதிக்கு எதுக்குடா காசு?” என்று கேட்டுவிட்டு, அவர் கூடத்து டிவிக்கே திரும்பிப் போனார்.

அன்பருக்கு இவையெல்லாம் காதில் விழவில்லை. அவர் டெட் பிக்சல் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் திரையில் 5120-க்கு 1440, அதாவது 73,72,800 புள்ளிகள். அவற்றுள் ஒன்று செத்துக் கிடந்தாலும் ரிட்டர்ன் கெடுவுக்குள் கண்டுபிடித்தாக வேண்டும் அல்லவா? வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று திரை முழுவதையும் நிறம் நிறமாக மாற்றி, தகப்பனார் பஞ்சாங்கம் பார்க்கும் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு, மேல் வரிசையின் இடது கோடியிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் நாள் ஒரு கரும்புள்ளி அகப்பட்டது. வீடு முழுவதும் சூதகம் காத்ததுபோல் மௌனமாயிற்று. பிறகு அந்தப் புள்ளி பறந்து போய்ச் சுவரில் உட்கார்ந்தது.

240 ஹெர்ட்ஸின் மகிமையையும் எனக்குச் செய்து காட்டினார். விநாடிக்கு 240 படங்கள். மாத்திரைக்குக் கண்ணிமைக்கும் பொழுதையே அளவாக வைத்த நம் இலக்கணக்காரர்களின் கணக்குப்படி பார்த்து, அந்தப் பொழுதை விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டாலும், ஒரு குறில் சொல்லி முடிப்பதற்குள் இருபத்துநான்கு படங்கள் ஓடிவிடும். “பாருங்க மாமா, வெண்ணெய் மாதிரி போகுது. 165-க்கும் 240-க்கும் உள்ள வித்தியாசத்தை என் கண்ணு உடனே சொல்லிடும்” என்றார். திரையில் திராவிட வீரர் ஒருவர் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தார். ஆடு வெண்ணெய்போல் போயிற்று என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் கொலுவுக்குத் தாயாரோடு வந்திருந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், கையில் சுண்டல் தொன்னையுடன் உள்ளறைக்குள் எட்டிப் பார்த்தான். சுண்டல் கையால் எதையும் தொடக்கூடாது என்ற நிபந்தனையின்பேரில் அவனுக்குத் தரிசனம் அளிக்கப்பட்டது. அவன் சற்று நேரம் பார்த்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான், பிறகு இடது கையால் மௌஸைப் பிடித்து நாலைந்து இடத்தில் தட்டிவிட்டு, “அங்கிள், இது அறுபதுலே ஓடுது. கம்ப்யூட்டர்லே நீங்கதான் மாத்தணும். வயரும் பழசு” என்று சொல்லிக்கொண்டே ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டான். நீச்சல் நூல்கள் யாவும் கற்றவர் குளத்தின் முதல் படியிலேயே வழுக்கிய அந்தக் காட்சியை நான் வர்ணிக்கப் போவதில்லை. முப்பத்திரண்டு வயர்களில் ஒன்றுகூட அந்தத் துவாரத்துக்குப் பொருந்தவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

புது வயர் வந்து சேர்ந்தது சரஸ்வதி பூஜையன்று காலையில். அன்பர் ஸ்நானம் செய்துவிட்டு ஆவலோடு அறைக்குள் போனவர், அப்படியே நின்றுவிட்டார். விடியற்காலையிலேயே தாயார், வீட்டிலுள்ள புஸ்தகங்கள், தையல் மிஷின், அரிவாள்மணை, ஸ்கூட்டர் ஆகிய சகல ஆயுதங்களுக்கும் பொட்டு வைத்த கையோடு, மானிட்டரின் நட்டநடுவிலும் விரலால் சந்தனம் தீட்டி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார். விஜயதசமியன்று புனர்பூஜை ஆகும்வரை அதைத் தொடக்கூடாது. தொட்டாலும், அந்தத் திரையின் பூச்சின்மேல் துணி வைத்துத் தேய்க்க அவருக்கே தைரியம் கிடையாது. பூஜைக்கு அழைத்திருந்தபடியால் நானும் அருகில் இருந்தேன்.

அன்பர் பீரோவில் சாய்ந்துகொண்டு, ஒரு மீட்டர் தூரத்திலிருந்து, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு சென்டிமீட்டர் விட்டம் இருக்கும், மாமா” என்றார், தாழ்ந்த குரலில். “ஆயிரத்து நானூறு பிக்சலுக்குக் குறையாது.”

நைவேத்தியத் தட்டுடன் அந்தப் பக்கமாக வந்த தாயாரின் காதில் இது எப்படி விழுந்ததோ, “ஏண்டா, சின்னதா வெச்சுட்டேனா?” என்று கேட்டுக்கொண்டே அவர் குங்குமச் சிமிழை மறுபடியும் திறந்தார்.