தென்னை மட்டையும் ஸ்கொட்லாந்து ராசாவும்

எனக்குக் கட்டாரில் ஒரு மச்சான் இருக்கிறான். அங்கே ஒரு கோல்ஃப் திடலில் புல்லுக்குத் தண்ணீர் விடுவது அவன் தொழில். எங்கள் ஊரில் மாரி பிறந்தால் வளவுக்குள் புல் மண்டாமல் பார்ப்பதே பெரும்பாடு. அங்கே அதே புல்லை வளர்க்க ஆள் எடுத்து, விசா கொடுத்து, சாப்பாடும் போடுகிறார்கள். அல்லாஹ் ஒவ்வொருவருடைய ரிஸ்கையும் ஒவ்வொரு இடத்தில் முளைக்க வைத்திருக்கிறான்.

போன கிழமை போனில் கேட்டான்:

"மச்சான், சாகுமட்டும் ஒரேயொரு திடல்லதான் விளையாடலாம் எண்டு வை. நீ எத எடுப்பாய்?"

"நான் எப்படா கோல்ஃப் விளையாடின?"

"விளையாடாட்டி என்ன? இஞ்ச வாற துரைமார் இதத்தான் மணிக்கணக்கில கதைக்கிறானுகள். கேட்டுக் கேட்டு எனக்கும் ஒண்டு எடுக்கோணும் போல கிடக்கு."

பெரியநீலாவணையில் கோல்ஃப் திடல் இல்லை. அம்பாறை மாவட்டத்தின் வடக்கு வாசலில் இருக்கிறோம். தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம், தெற்கே மருதமுனை, கிழக்கே கடல், நடுவில் மணல். ஆனாலும் கேள்வியைச் சும்மா விட மனம் வரவில்லை. இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர்கள் தங்கள் திடலை எப்படித் தெரிவு செய்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். ஒருவரும் ஒழுங்காகத் தெரிவு செய்யவில்லை.

முதலில் ராசாமார். 1457-இல் ஸ்கொட்லாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் ராசா கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தார். இங்கிலாந்துக்காரன் எந்த நேரம் படையோடு வருவானோ தெரியாது. குடிமக்களோ வில் பழகாமல் பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. 1471-இல் மகன் தடை செய்தார். 1491-இல் பேரன் தடை செய்தார். ஒரே சட்டத்தை மூன்று தலைமுறை போட வேண்டி வந்தால் நாட்டை ஆள்வது யார் என்று விளங்கும்தானே?

பிறகு நடந்ததுதான் விசேஷம். தடை போட்ட அந்தப் பேரன் நான்காம் ஜேம்ஸ், 1502-இல் பேர்த் நகரத்து வில் செய்கிறவரிடம் 14 ஷில்லிங்குக்குக் கோல்ஃப் மட்டை வாங்கினார். அரண்மனைப் பொக்கிஷக் கணக்கில் அந்த வரி இன்றைக்கும் இருக்கிறது. கணக்கப்பிள்ளை எழுதியது அவ்வளவுதான். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

"மகாராசா, வில்லா வேணும்?"

"இல்ல. மத்தச் சாமான்."

"அது நீங்களே தடுத்த சாமான்தானே?"

"சத்தம் போடாத. பேப்பர்ல சுத்தித் தா."

வில் பழகாததற்காக விளையாட்டைத் தடுத்த ராசா, வில் செய்கிறவனையே மட்டை செய்ய வைத்தார். நாங்கள் பார்க்காத அரசியலா!

ராசாவை விட்டு ஊருக்கு வருவோம். அதே நாட்டில் சென் அன்ட்ரூஸ் என்று ஒரு கரையோர ஊர். கோல்ஃப்காரருக்கு அதுதான் கிப்லா மாதிரி என்று மச்சான் சொன்னான். அப்படிச் சொல்லக்கூடாது என்று அவனை ஏசிவிட்டேன். அங்கே உள்ள பழைய திடலை ஒருவரும் வரைபடம் போட்டுக் கட்டவில்லை. கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒன்றுக்கும் உதவாத மணல் தரை கிடந்தது. நெல் விளையாது, வீடு நிற்காது, ஆடு மட்டும் மேயும். அந்த மாதிரித் தரைக்கு அவர்கள் பாஷையில் லிங்க்ஸ் என்று பெயர். எங்கள் பாஷையில் அதற்குப் பெரியநீலாவணைக் கடற்கரை என்று பெயர்.

1552-இல் அந்த ஊர் பேராயர் ஜோன் ஹமில்டன் ஒரு சாசனம் எழுதினார். ஊர்ச்சனம் அந்த மணலில் கோல்ஃப் அடிக்கலாம், கால்பந்து விளையாடலாம், ஆடு மாடு மேய்க்கலாம். பேராயருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அங்கே முயல் வளர்க்கும் உரிமை. பெரிய மனுசர் ஒருவர் பொதுக்காணியில் சின்னதாக ஒன்று கேட்டால், கொடுக்குமுன் பேரப்பிள்ளைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 245 வருடம் கழித்து, 1797-இல், நகரசபை கடனில் மூழ்கியது. மணல் முயல் வியாபாரிகளின் கைக்குப் போனது. அடித்த பந்து முயல் வளைக்குள் போகும். கை விட்டால் முயல் கடிக்கும். கோல்ஃப்காரருக்கும் முயல்காரருக்கும் இருபது வருடத்துக்கு மேல் சண்டையும் வழக்கும். கடைசியில் 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலச்சுவாந்தார் காணியை வாங்கி முயல்களிடமிருந்து மீட்டார். உலகத்தின் பேர்போன திடலைப் பிடிக்க வந்த ஒரே படை முயற்படை. எங்கள் கரைக்குப் போர்த்துக்கீசன் வந்தான், ஒல்லாந்தன் வந்தான், இங்கிலிஷ்காரன் வந்தான். ஒருவனாவது முயலோடு வந்தானா?

அந்தத் திடலில் இடைக்கிடை மணல் பள்ளங்கள் உண்டு. குளிர்காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துப் படுத்து உண்டான குழி என்பார்கள். அதன் பெயர் பங்கர். மச்சான் முதல் மாதம் வேலையில் இருந்தபோது மேற்பார்வையாளர் "பங்கரைத் துப்புரவாக்கு" என்றாராம். இவன் நடுங்கிப் போனான். எங்கள் பக்கத்தில் பங்கர் என்றால் ஷெல் விழும்போது குடும்பத்தோடு குதிக்கிற குழி. மேலே தென்னங்குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்டு, உள்ளே பாம்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும். அவர்கள் பங்கரில் பந்து விழுந்தால் தலையில் கை வைத்து அழுகிறார்கள். எங்களுக்குப் பங்கரில் விழுந்தால் தப்பினோம் என்று அர்த்தம்.

பதினெட்டுக் குழி என்பதும் ஏதோ சாஸ்திரம் பார்த்து வைத்த கணக்கில்லை. சென் அன்ட்ரூஸில் முதலில் ஒரு சுற்றுக்கு 22 குழி. 1764-இல் முதல் நாலு குழி மிகக் கிட்டக் கிட்ட இருக்கிறது என்று இரண்டாக்கினார்கள். போகிற வழியில்தான் திரும்பியும் வர வேண்டும், ஆகவே திரும்பும்போதும் இரண்டு குறைந்தது. ஊருக்குள் நாலு பேர் எடுத்த தீர்மானம். இன்றைக்குக் கட்டார் பாலைவனத்திலும் 18 குழி வெட்டி மச்சானிடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரே திடலோடு வாழ்ந்த மனிசன் யார் என்று தேடினால் டொம் மொரிஸ் அகப்படுகிறார். பிறந்தது அதே ஊரில், அதே 1821-இல். பந்து செய்கிற அலன் ரொபர்ட்சனிடம் தொழில் பழகினார். அந்தக் காலத்துப் பந்து தோல் உறைக்குள் இறகு அடைத்தது. ஒரு தொப்பி நிறைய வாத்து இறகை அவித்து ஒரு பந்துக்குள் திணிக்க வேண்டும்; கைதேர்ந்தவனும் நாளுக்கு மூன்று நாலுதான் செய்வான். 1848-இல் மலாயாக் காட்டு மரப்பாலில் உருட்டிய பந்து வந்தது. மலிவு, தண்ணீர் பட்டாலும் ஊறாது. ரொபர்ட்சன் அந்தப் பந்துகளைத் தேடி வாங்கி எரித்தார் என்பார்கள். மருதமுனைக் கைத்தறிக்காரரிடம் போய் மின்தறி பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லிப் பாருங்கள், ரொபர்ட்சனின் மனம் விளங்கும். ஒருநாள் டொம் அந்தப் புதுப் பந்தால் விளையாடியது முதலாளியின் கண்ணில் பட்டது. குரு-சிஷ்ய உறவு முடிந்தது. 1851-இல் டொம் பிரெஸ்ட்விக் என்ற ஊருக்குப் போய்விட்டார். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகுதான் ஊருக்கே திரும்பிக் கூப்பிட்டார்கள். அதன்பின் அந்தப் புல்லையே பராமரித்துக்கொண்டு கிடந்து 1908-இல் அங்கேயே மௌத்தானார். எந்தத் திடலை எடுப்பாய் என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வீட்டு வாசலில் கிடப்பதை யார் தெரிவு செய்வார்?

தெரிவு செய்கிற வசதி உள்ளவர் அமெரிக்கப் பொடியன் பொபி ஜோன்ஸ். 1921-இல் பத்தொன்பது வயதில் ஒரு போட்டிக்காகச் சென் அன்ட்ரூஸுக்கு வந்தார். மூன்றாம் சுற்றில் பதினோராம் குழிக்குப் போகும்போது பந்து பங்கருக்குள் விழுந்தது. அடித்துப் பார்த்தார், வரவில்லை. பந்தைத் தூக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டத்தை விட்டார். எங்கள் ஊர்ப் பொடியன்களும் அவுட் என்றால் இதைத்தான் செய்வார்கள். கூடுதலாகப் பந்து தன்னுடையது என்று வீட்டுக்கும் கொண்டு போவார்கள். அதே ஜோன்ஸ் 1927-இலும் 1930-இலும் அங்கே வந்து வென்றார். பிறகு தன் நாட்டில் ஒகஸ்டா என்ற சொந்தத் திடலையே கட்டினார். 1958-இல் முதுகுத்தண்டு நோயால் நடக்கவும் கஷ்டப்பட்ட காலத்தில், சென் அன்ட்ரூஸ் அவரைத் தன் ஊர்க்காரராக ஏற்றுக்கொண்டது. அமெரிக்கரில் அவருக்கு முன் அந்த மரியாதை கிடைத்தது பெஞ்சமின் பிராங்ளினுக்கு, 1759-இல். சொந்த வளவு வைத்திருந்தவர் கடைசியில் உருகியது, தன்னை அழவைத்த மணலை நினைத்துத்தான்.

இனி எங்கள் நாடு. ஆளுநர் ஹென்றி வோர்ட் 1859-இல் கொழும்புக் காலிமுகத்திடலில் உலாப் பாதையைக் கட்டி முடித்தார். பெண்களும் பிள்ளைகளும் காற்று வாங்க இதைக் காப்பாற்றுங்கள் என்று அடுத்த ஆளுநர்மாருக்குக் கல்லிலும் எழுதி வைத்தார். 1879-இல் கொழும்பு கோல்ஃப் சங்கம் தொடங்கியது. துரைமார் விளையாடப் போன இடம் அதே திடல். ஒரு பக்கம் குதிரைப் பந்தயம், ஒரு பக்கம் ஆயா தள்ளும் பிள்ளை வண்டி, நடுவில் பறக்கிற பந்து. கல்லில் எழுதினாலும் துரை வாசிக்க வேண்டுமே! 1896-இல் பொரளைப் பக்கம் அரசாங்கத்தின் மாதிரிப் பண்ணைக்கு மாறினார்கள். பயிர் காட்ட வைத்த நிலத்தில் புல் காட்டினார்கள். 1928-இல் 'ரோயல்' பட்டமும் வந்தது. அந்தத் திடலுக்குள்ளால் களனிவெளி ரயில் பாதை போகிறது. ரயில் வந்தால் எவ்வளவு பெரிய மனுசரும் மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே ஓசியில் போகிறவர்கள் ரயில் சனம் மட்டும்தான்.

நுவரெலியாவில் 1889-இல் சங்கம் வந்தது. மழை, மூடுபனி, குளிர். ஸ்கொட்லாந்துக்காரன் உம்மாவைக் கண்ட பிள்ளை மாதிரி அழுதிருப்பான். துரைக்கு லிங்க்ஸ், தொழிலாளிக்கு லயம் என்று மலை இரண்டாகப் பிரிந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் ஆசை விடவில்லை. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று அரசு எடுத்த காணி கோல்ஃப் திடலாகித் தனியார் கைக்குப் போனது. 2008-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கைமாற்றத்தை ரத்துச் செய்து, முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவை 30 இலட்சம் ரூபா கட்டச் சொன்னது. 1457-இல் ராசா குடிமக்களைத் தடுத்தார். 2008-இல் குடிமக்கள் போட்ட வழக்கு ராசாங்கத்தைத் தடுத்தது. கோல்ஃப் 551 வருடத்தில் அடைந்த முன்னேற்றம் இது.

இவ்வளவும் படித்துவிட்டு அஸருக்குப் பிறகு கடற்கரைக்குப் போனேன். கரைவலை பொத்திக்கொண்டிருந்த மாமாவிடம் விளையாட்டைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"குழி ஆரு வெட்டுற?"

"ஆள் வச்சி வெட்டுற மாமா. அடிக்கடி இடமும் மாத்துவாங்க."

அவர் வலை ஊசியால் மணலைக் காட்டினார். கண்ணுக்கெட்டிய மட்டும் நண்டு வளை. பதினெட்டு என்ன, பதினெட்டாயிரம் இருக்கும். வெட்டுக்கூலி இல்லை. இராவில் நண்டே புது இடத்தில் புதுக் குழி வெட்டும். ஓரத்தில் அடம்பன் கொடி; திரண்டால் மிடுக்கென்று பழமொழியே சாட்சி, பந்தை விடாது. அதற்கு மேலே இராவணன் மீசை. காற்றுக்கு உருண்டு வரும் அந்த முள் உருண்டைக்குள் பந்து போனால் பத்துத் தலையும் சேர்ந்து வந்தாலும் எடுக்க முடியாது. புல் வெட்ட ஆடு இருக்கிறது. ஸ்கொட்லாந்துக்காரன் அன்றைக்கு இந்தப் பக்கம் கரைதட்டியிருந்தால் உலகமே நீலாவணைக்கு விமானம் ஏறியிருக்கும்.

இந்த மணலையும் எங்களிடம் அளந்துதான் தந்தார்கள். 2004 டிசம்பர் 26-இல் கடல் வந்து எடுத்ததை எடுத்துக்கொண்டு போனது. மறு வருடம் அரசாங்கம் அளவுநாடாவோடு வந்தது. தெற்கில் கடலிலிருந்து 100 மீட்டர், கிழக்கில் 200 மீட்டர், உள்ளே வீடு கட்டாதே என்றது. எங்கள் கடலுக்கு மட்டும் இரண்டு மடங்கு கால் நீளம் என்று கணக்குப் போட்டவர் யாரோ! பிறகு தளர்த்தினார்கள். அந்த நாட்களிலும் பின்னேரமானால் சனம் இந்தக் கரைக்கே வந்து உட்கார்ந்தது. பயந்துகொண்டே வந்தது. ஆனால் வந்தது.

சென் அன்ட்ரூஸ் பழைய திடல் இன்றைக்குப் பொதுச்சொத்து. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ஆட்டம் கிடையாது. ஊர்ச்சனம் நாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு புல்லில் உலாவும். அந்த ஊர்க்காரனுக்கு மச்சானின் கேள்வியே விளங்கியிருக்காது. பத்துத் திடல் பார்த்தவனுக்குத்தான் ஒன்றை எடுப்பது பெரிய கேள்வி.

நேற்று மச்சானுக்கு மறுமொழி அனுப்பினேன்: "நான் எங்கட கரைய எடுத்திட்டன். நோன்புப் பெருநாளுக்கு வாறண்டா மட்டை கொண்டு வராத, இஞ்ச தென்னை மரத்துக்குக் குறைவில்ல. பந்து மட்டும் ஒரு முப்பது கொண்டு வா. இராவணன் மீசை ஒண்டையும் திருப்பித் தராது."