காக்கா எப்போ கத்தணும்?

வாடா பேராண்டி, உக்காரு. வேலையை விட்டுட்டுப் புள்ளைங்களுக்குத் தொட்டா பேசுற புத்தகம் பண்றியாமே? நான் குறுவை, தாளடினு கெடக்குற ஆளு. நான் சொல்றதை மனசுல வச்சுக்காதே, காதுல மட்டும் போட்டுக்க.

நேத்து உன் அக்கா மவகிட்ட டேப்பைக் குடுத்தியே, வடை தூக்குன காக்கா கதை. காக்காவைத் தொட்டா கத்துது, பாட்டியைத் தொட்டா இருமுது, அடுப்பைத் தொட்டா குப்புனு எரியுது. பலே! புள்ள காக்காவைத் தொட்டா, கத்துச்சு. மறுபடி தொட்டா, மறுபடி கத்துச்சு. நரி வந்து சேரவே இல்ல. அது வரணும்னா அடுத்த பக்கம் போகணுமே, யாரு போறா? உங்க அப்பாயி இதே கதையைச் சொன்னப்போ, "பாட்டிக்கு வடைக் காசு யாரு குடுப்பா?"னு கேட்டாளே அந்தக் குட்டி. அதுக்கு உன்கிட்ட பட்டன் இருக்கா?

கெழவன் வயித்தெரிச்சல்னு நினைக்காதே. 2012-ல நியூயார்க்குல ஜோன் கான்ஸ் கூனி மையம்னு ஒண்ணு, பேரைச் சொல்லவே பல்லு வேணும், 3 முதல் 6 வயசுப் புள்ளைங்க 32 பேரைப் பெத்தவங்களோட உக்கார வச்சுப் பார்த்திருக்கு. சத்தமும் விளையாட்டும் திணிச்ச மின்புத்தகத்துல படிச்ச கதை, காகிதத்துல படிச்ச அளவுக்கு ஞாபகத்துல நிக்கலியாம். பெத்தவங்க பேச்சும் கதையை விட்டுட்டு அதை அமுக்கு, இதைத் தொடாதேனு போயிருக்கு. 32 கொஞ்சந்தான். நேத்து நம்ம வூட்டுல பார்த்தது 33.

எந்திரத்தைக் குத்தம் சொல்லல. சரபோஜி மகாராஜா 1805-ல தஞ்சாவூர்ல அச்சுக்கூடம் வச்சாரு. மறுவருசமே ஈசாப் கதைங்களை மராட்டியில மொழிபெயர்க்க வச்சு, 'பாலபோத முக்தாவளி'னு அச்சுப் போட்டாச்சு. புது எந்திரம் கையில கெடைச்சதும் அவரு கதையைத் தேடினாரு. நீ அனிமேசன் ஆளைத் தேடினே.

அப்புறம் உன் புத்தகத்துல வர்ற வயல் படம். முண்டாசு கட்டுன ஆளு மாடு பூட்டி உழுவுறான். அழகுதான். ஆனா நம்ம புள்ள டிராக்டரையும் நடவு மெஷினையுந்தானே பார்த்து வளருது? "தாத்தா, இது எந்த ஊரு?"னு கேட்டா. என்னத்தைச் சொல்ல? மெட்ராசுனு சொல்லி வச்சேன்.

எல்லாத்துக்கும் நெட்டு வேணும்ங்குறே. சூன் 12-ல மேட்டூர் அணையைத் தொறந்தா, கடைமடைப் பேராவூரணிக்குத் தண்ணி எப்போ போய்ச் சேருதுனு அங்க உள்ளவனைக் கேளு. சிக்னலும் அப்படித்தான். காசு சங்கதிக்கு வருவோம். பெங்களூரு பிரதம் புக்ஸ்காரங்க 2015-ல ஸ்டோரிவீவர்னு ஆரம்பிச்சாங்க. தமிழ்க் கதையை ஓசியில படிக்கலாம், இறக்கி வச்சுக்கலாம், நாமளே மொழிபெயர்த்தும் போடலாம். 2018-லேருந்து அரசாங்கப் பாடப்புத்தகத்துலயே கியூஆர் கட்டம் வருது. இவ்வளவு ஓசியில கெடைக்கும்போது நீ காசு கேக்குறியே, அதுல இல்லாதது உன்கிட்ட என்ன இருக்கு? அடுப்பு எரியுறதா?

செய்யாதேனு சொல்லல. வாசிக்க வாசிக்க வார்த்தை மஞ்சளாவுதே, அதை விட்டுடாதே, எழுத்துக்கூட்டுற புள்ளைக்கு அது ஒத்தாசை. பாட்டியை இரும விடாதே, பாவம். அப்பாயி குரலைப் பதிஞ்சு வச்சுக்க ஒரு வழி பண்ணு. காக்கா ஒரே ஒரு தடவை கத்தட்டும், நரி பாடச் சொல்லும்போது. புள்ள அப்போ தொட்டாத்தான் வாயி தொறந்து வடை விழணும். தொடுறதுல கதை நகரணும்டா, இல்லேன்னா அது வெறும் கிலுகிலுப்பை.

விக்கிறதுக்கு முன்னாடி பேராவூரணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல, நெட்டை அணைச்சுட்டுக் குடுத்துப் பாரு. புள்ளைங்க பாதியில எந்திரிச்சு ஓடுச்சுன்னா அதுங்களைத் திட்டாதே, கதையை மாத்து.